அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து?

உணவுண்ணல் கோளாறு பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தும் பெங்களூரிலிருந்து வந்தவை என்பது தற்செயல். ஆனால் ஐந்திலும் சோற்றைவிட அடுத்தவர் முகத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. அது தற்செயல் அல்ல. எழுதியவர்களின் அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் அல்சூரில் வசிக்கிறோம். என் மகள் இரண்டாம் பி.யூ. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள். ஜூலை வரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது காலையில் அரை இட்லி, இரவில் ஒரு டம்ளர் மோர் என்று குறைத்துக்கொண்டுவிட்டாள். மதிய உணவு டப்பாவைக் கல்லூரியிலேயே கழுவி எடுத்து வருகிறாள். முன்பெல்லாம் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்க வைப்பதற்கே நான் நாலு தடவை கத்த வேண்டியிருக்கும். காரணம் கேட்டால், "கேன்டீனில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அம்மா" என்கிறாள். அந்த மூவரும் சிறு வயதிலிருந்தே இவளுடைய தோழிகள், எங்கள் வீட்டில் வளைய வந்தவர்கள். அவர்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்பதில்லை. ஒன்பது கிலோ இளைத்துவிட்டாள். மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. இது பிடிவாதமா, நோயா?

பதில்: பிடிவாதம் அல்ல. எடை இந்த அளவு இறங்கி, மாதவிலக்கும் நின்றிருக்கும்போது, உணவை மிகவும் குறைத்து உடம்பை இளைக்கவைக்கும் அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் உணவுண்ணல் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டும் உரிமை நேரில் பார்க்கும் மருத்துவருக்குத்தான் உண்டு. ஆனால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதைக் கடிதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இனி அந்தக் கேன்டீனுக்கு வருவோம். அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்கும்? மூன்று பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், சிரித்தார்கள், அவர்களில் ஒருத்தியாவது உங்கள் மகள் இருந்த பக்கம் திரும்பியிருந்தாள் என்பது பதிவாகியிருக்கும். "என்னைப் பார்த்து" என்ற இரண்டு சொற்கள் அதில் பதிவாகியிருக்காது. அவை உங்கள் மகளின் மனம் சேர்த்தவை. நாம் எல்லோரும் இப்படிச் சேர்க்கிறவர்கள்தான். ஒருமுறை ஏரிக்கரையில் என் பழைய சிநேகிதி ஒருத்தி என்னைக் கண்டும் காணாதவளாகப் போனாள் என்று நான் இரண்டு நாள் புழுங்கினேன். அவள் அன்று மூக்குக்கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வேறுபாடு எங்கே என்றால், எனக்கு இரண்டாம் நாள் வேறொரு காரணம் இருக்கலாம் என்று தோன்றியது, உங்கள் மகளுக்கு அது தோன்றுவதில்லை.

இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜேனட் ட்ரெஷர், வாலன்டினா கார்டி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் எடுத்துக்கொண்ட வழி எளிமையானது. இப்படியும் அப்படியும் பொருள் கொள்ளக்கூடிய ஒரு சிறு நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதை முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அறையின் மறு கோடியில் நிற்கும் தோழி உங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புகிறாள், ஏன் என்பது போன்ற நிகழ்ச்சிகள் அவை. கோளாறு இல்லாதவர்கள் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், கவனித்திருக்க மாட்டாள் என்று பலவிதமாக முடித்தால், அனோரெக்ஸியா உள்ளவர்கள் அதைத் தங்களை ஒதுக்கியதாக முடிப்பது அதிகமாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்.

ஆனால் ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணம் எப்படிப் பட்டினியாக மாறுகிறது? ஒதுக்கியதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைத் தேடும் பதினேழு வயதுப் பெண்ணின் கைக்கு முதலில் அகப்படுவது அவளுடைய உடம்புதான். தோழிகளின் மனத்தை அவளால் மாற்ற முடியாது, தட்டில் இருப்பதை மாற்ற முடியும். கொஞ்சம் குறைக்கிறாள், குறைத்தது கைகூடியதில் ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதி இன்னும் குறைக்கச் சொல்கிறது. கேன்டீனுக்குப் போவதையே நிறுத்துகிறாள். இரண்டு வாரம் கழித்துத் தோழிகளும் "அவள் வரமாட்டாள்" என்று கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். இப்போது அவள் நினைத்தது மெய்யாகவே நடந்துவிட்டது. தவறாகப் படித்த ஒரு சிரிப்புக்கு அவளே சாட்சியம் தயாரித்துக் கொடுத்துவிட்டாள். மனநல மருத்துவர் உல்ரிக் ஷ்மிட்டும் ஜேனட் ட்ரெஷரும் 2006இல் முன்வைத்த விளக்கத்திலும் இது முக்கியமான ஓர் இழை: நோய் தொடங்கிய காரணம் எதுவாக இருந்தாலும், அதை நிலைக்க வைப்பதில் மனிதர்களோடுள்ள உறவுக்கும், வீட்டார் பதறியும் அதட்டியும் நடந்துகொள்ளும் விதத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே "அவர்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்" என்று வாதாடாதீர்கள். நீங்களும் அந்த இடத்தில் இல்லாதவர். உங்கள் தீர்ப்பை அவளுடைய தீர்ப்புக்கு மேல் வைக்கிறீர்கள் என்றுதான் அவளுக்குப் படும். "அப்படித் தோன்றினால் வலிக்கத்தான் செய்யும்" என்று முதலில் ஒப்புக்கொண்டு, "சிரிப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? யார் கையிலாவது போன் இருந்ததா?" என்று கேளுங்கள். விடை கிடைக்க வேண்டும் என்பதில்லை. நடந்தது வேறு, நாம் அதற்குக் கற்பித்த அர்த்தம் வேறு என்ற ஒரு சிறு இடைவெளி விழுந்தால் போதும். அந்தக் கழுவிய டப்பாவையும் மறைக்கும் புத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீந்த தயிர் சாதத்தைப் பார்த்து நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று அவள் உங்கள் முகத்துக்கும் பயப்படுகிறாள்.

ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே போக முடியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். எழுந்து நின்றால் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நாடி மிகவும் மெதுவாக ஓடுவது, தண்ணீரும் இறங்காத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. இன்னொன்று: பயந்துபோய் ஒரேயடியாக நிறைய ஊட்டிவிட வேண்டாம். நெடுநாள் பட்டினிக்குப் பின் உணவு திடீரென ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம் என்பதால், எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு அனோரெக்ஸியா என்று சொல்லியிருக்கிறார்கள். மனத்தில் இருக்கும் சிக்கல் தீர்ந்தால் சாப்பாடு தானாக உள்ளே போகும், ஆகவே முதலில் கவுன்சலிங், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வீட்டுப் பெரியவர்களின் கருத்து. சரியா? — ஜெயநகர் வாசகர்

பதில்: சரியல்ல, பெரியவர்கள் மன்னிக்கட்டும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்தில் மனிதர்களைச் சரியாகப் புரிந்துகொள்ளும் திறனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அனைவரும் தாங்களாக முன்வந்தவர்கள்; உடலும் மனமும் நன்றாக இருக்கின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப்பட்டினி. எடை ஏறக்குறைய கால்பங்கு குறையும் வரை போயிற்று. கலகலப்பாக இருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், சிடுசிடுத்தார்கள், கூட்டத்தைத் தவிர்த்தார்கள், சிரிப்பை மறந்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்து உண்டார்கள், தட்டை நக்கினார்கள். உணவு மீண்டும் கொடுக்கப்பட்டபோது சிலர் அடக்க முடியாமல் தின்று தீர்த்தார்கள். தோழிகளின் சிரிப்பும் இல்லை, கண்ணாடி முன் கவலையும் இல்லை, பட்டினி மட்டும்தான்.

அப்படியானால் உங்கள் தங்கை மகள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில் எவ்வளவு அவளுடைய சுபாவம், எவ்வளவு பட்டினியின் வேலை என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது. எடை ஓரளவு ஏறிய பின்புதான் பிரிக்க முடியும். வாடிப்போன மூளையோடு கவுன்சலிங் அறையில் உட்காரவைத்து, "அந்தத் தோழி வேறு எதற்காகத் திரும்பியிருக்கலாம்?" என்று கேட்பது, காய்ச்சலில் கிடப்பவளிடம் கணக்குப் போடச் சொல்வது போன்றது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், ஆனால் சாப்பாடு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை முறையும், முதற்கட்டத்தில் பிள்ளையின் உணவுப் பொறுப்பைப் பெற்றோரின் கையில்தான் கொடுக்கிறது.

கேள்வி: நான் 29 வயது ஆண். திருப்பூரிலிருந்து வந்து மகாதேவபுரத்தில் தங்கி ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் இந்தியிலோ கன்னடத்திலோ பேசிக்கொள்வார்கள். எனக்கு இரண்டும் அரைகுறை. மீட்டிங்கில் நான் பேசி முடித்ததும் இருவர் ஏதோ சொல்லிச் சிரித்தால் அன்று முழுவதும் அது மண்டைக்குள் ஓடும். அனுப்பிய செய்திக்கு மேனேஜர் வெறும் கட்டைவிரல் குறி போட்டால், வேலை போகப்போகிறது என்று தோன்றும். அந்த இரவுகளில் இரண்டு பிரியாணி வரவழைத்து, விளக்கைக்கூடப் போடாமல், ருசி தெரியாமல் தின்றுவிடுகிறேன். மறுநாள் முழுப் பட்டினி, ஒன்றரை மணி நேர ஓட்டம். வாரம் இரண்டு மூன்று முறை, ஆறு மாதமாக. வாந்தி எடுப்பதில்லை என்பதால் இது நோய் அல்ல என்று நினைக்கிறேன்.

பதில்: அடக்கமாட்டாமல் தின்பதும் பிறகு அதை ஈடுகட்டத் தவிப்பதுமான உணவுண்ணல் கோளாறுக்குப் புலிமியா என்று பெயர். வாந்தி எடுத்தால்தான் அது புலிமியா என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸல் 1979இல் அந்தப் பெயரை வைத்தபோது வாந்தியைத்தான் முன்னால் நிறுத்தினார். ஆனால் இன்றைய வகைப்பாட்டில், தின்றதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடப்பதும் மிதமிஞ்சி ஓடுவதும் அதே கணக்கில்தான் வரும். வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வகுத்த அளவு. நீங்கள் அதைத் தாண்டியிருக்கிறீர்கள். ஆண்களுக்கு இது வராது என்பதும் தவறு. அவர்கள் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் மொழி. புரியாத மொழியில் எழும் சிரிப்பைப் போலப் பல பொருள் தரக்கூடியது வேறில்லை. அதில் சொல்லே உங்களுக்குக் கிடைப்பதில்லை, முகமும் ஓசையும்தான் கிடைக்கின்றன. மீதி முழுவதையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றிய சந்தேகத்தோடு இருப்பவர் அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரல் குறியும் அப்படித்தான். முப்பது பேரை மேய்க்கும் மேனேஜருக்கு அது "பார்த்துவிட்டேன்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நீங்கள் அதில் பணிநீக்க உத்தரவையே படித்துவிடுகிறீர்கள்.

விளக்கைப் போடாமல் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர்கள் டாட் ஹெதர்டனும் ராய் பௌமைஸ்டரும் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில், அடக்கமாட்டாத தீனி என்பது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வேதனையிலிருந்து தப்பி ஓடுவது என்று விளக்கினார்கள். பிறர் கண்ணில் தாழ்ந்துபோனோம் என்ற எண்ணம் தாங்க முடியாமல் போகும்போது, கவனம் முழுவதும் வாய்க்கும் கைக்குமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரம் நாளையும் இல்லை, மேனேஜரும் இல்லை. தின்று முடித்ததும் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, மறுநாள் பட்டினியை விடுங்கள். இதுதான் கடினம், இதுதான் முக்கியம். அந்தப் பட்டினிதான் அடுத்த இரவின் பிரியாணிக்கு அச்சாரம். மனநல மருத்துவர் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் புலிமியாவுக்கு வகுத்த சிகிச்சை முறை, மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிறு தீனியுமாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்வதிலிருந்துதான் தொடங்குகிறது. காலையில் பக்கத்துத் தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே சாப்பிடும் இரண்டு இட்லியும் ஒரு வடையும்கூடச் சிகிச்சைதான்.

இரண்டாவது, சிரிப்போ கட்டைவிரலோ உறுத்திய அன்று மாலை ஒரு தாளில் நடந்ததை மட்டும், உரிச்சொல் எதுவும் இல்லாமல் எழுதுங்கள். அதற்குக் கீழே நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம். அதற்கும் கீழே வேறு மூன்று அர்த்தங்கள். அவற்றை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, எழுதினால் போதும். முடிந்தால் குழுவில் ஒருவரிடம் "என்ன ஜோக், எனக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: இப்படி அர்த்தத்தை மாற்றிப் பார்க்கும் பயிற்சியால் பிறரைத் தவறாகப் படிப்பது குறைகிறது என்று அனோரெக்ஸியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது, ஆனால் அது மட்டுமே உணவுக் கோளாறைக் குணப்படுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே தாளோடு நின்றுவிடாமல் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். மனித உறவுகளைச் சீர்படுத்துவதையே மையமாகக் கொண்ட உரையாடல் சிகிச்சையும் புலிமியாவுக்கு உண்டு. பலன் சற்று மெதுவாக வந்தாலும் நின்று பலன் தருகிறது.

கேள்வி: என் கொழுந்தன் மகளைப் புதுமனைப் புகுவிழாவில் பார்த்தபோது "நல்லா பூசினாப்போல இருக்கியே, கண்ணு" என்று ஆசையாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாட்டைக் குறைத்தாள் என்று வீட்டில் என்னைக் குறை சொல்கிறார்கள். இந்த நோய்க்கு நான்தான் காரணமா? — ஒரு பெரியம்மா, ஸ்ரீராமபுரம்

பதில்: இல்லை, அம்மா. ஒற்றை வார்த்தையால் இந்த நோய் வருவதில்லை. பரம்பரைக் கூறு உண்டு, எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்ற சுபாவம் உண்டு, வயது உண்டு. உங்கள் வார்த்தை அவற்றின் நடுவே போய் விழுந்திருக்கலாம்.

உங்கள் காலத்தில் பூசினாற்போல் இருப்பது நல்ல வீட்டுப் பெண்ணுக்கு அழகு. அவள் காதில் அதே சொல் தீர்ப்பாக விழுகிறது. பிஜித் தீவில் பருத்த உடம்பைப் போற்றிய ஒரு சமூகத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில் அங்குள்ள பள்ளி மாணவியரிடையே உணவைப் பற்றிய கோளாறான எண்ணங்கள் அதிகரித்ததை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். சொல் மாறவில்லை, கேட்கும் காது மாறிவிட்டது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. "ஐயோ, இப்படித் துரும்பாய் இளைச்சுட்டியே" என்று இரக்கப்பட்டுச் சொன்னால், நோயில் இருப்பவளுக்கு அது பாராட்டுப் பத்திரம். தேறி வரும்போது "இப்பத்தான் முகத்தில் களை வந்திருக்கு" என்றால், "குண்டாகிவிட்டாய்" என்று கேட்கும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கும் என்பதால், கொஞ்ச காலத்துக்கு அவள் உடம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாசல் கோலத்தைப் பற்றிப் பேசுங்கள், படிப்பைப் பற்றிக்கூட வேண்டாம். அவள் "பசியே இல்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், குண்டாகும் பயம் இல்லை, ஆகவே வெறும் வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். அந்தப் பயத்தைச் சொல்லாமலேயே பட்டினி கிடந்த நோயாளிகளை 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் விவரித்திருக்கிறார். நம் நாட்டிலும் அத்தகையவர்கள் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள்.

கேள்வி: நான் பி.காம். முதலாண்டு மாணவி. வகுப்பில் ஐந்து பேர் என்னை "ஆனே" என்றுதான் கூப்பிடுகிறார்கள், கன்னடத்தில் யானை. எங்கள் கவுன்சலர் வேறு அர்த்தங்களை யோசித்து எழுதச் சொல்கிறார். யானைக்கு வேறு என்ன அர்த்தம், மேடம்? பஸ்ஸில் கண்டக்டர்கூட என்னைப் பார்த்து "முந்தே ஹோகி" என்று கத்துகிறார், நான் இடத்தை அடைக்கிறேனாம். இரவில் சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

பதில்: யானைக்கு வேறு அர்த்தம் இல்லை. அவர்கள் உங்களைக் கேலி செய்கிறார்கள், நீங்கள் அதைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள். உடம்பை வைத்துக் கேலி செய்யப்பட்டவர்களுக்கு உணவுண்ணல் கோளாறு வரும் அபாயம் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. மெய்யாகவே நடக்கும் அவமதிப்புக்கு மாற்று அர்த்தம் தேடச் சொல்வது சிகிச்சை அல்ல. அதைக் கவுன்சலரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். அந்த ஐந்து பெயர்களையும் தேதிகளோடு எழுதி, பெற்றோரோடு போய்க் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள்.

வாந்தியைப் பற்றி இன்றே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல் தண்ணீரால் கொப்பளித்துவிடுங்கள், ஏனெனில் அமிலத்தில் நனைந்த பல்லைத் தேய்த்தால் எனாமல் கரையும்.

கண்டக்டரை மட்டும் அந்த ஐந்து பேரோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பேர் மெய்யாகவே குத்திய இடம் ரணமாகிவிட்டால், தெரியாமல் பட்டதும் குத்தியதாகவே தெரியும். உங்கள் கவுன்சலரின் பயிற்சி உதவக்கூடிய இடம் அதுதான், வகுப்பறை அல்ல. "முந்தே ஹோகி" என்றால் முன்னால் போங்கள் என்று பொருள். நாளைக் காலை ஏறியதும், அவர் உங்களிடம் வந்து சேர்வதற்குள் அதே இரண்டு சொற்களை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வருகிறார் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.